கோப்பி விரியனின் தலை

போன மாதம் இளைஞர் ஒருவர் பதுளையில் என் வீட்டுக்கு வந்தார். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர். நானும் முன்பு அதே வேலையில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பெரிய தாளைச் சுருட்டி வைத்திருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவர்களில் மாட்டுவதற்காகச் சீமையில் அச்சடித்து வந்த பாம்புப் படமாம். மேசைமேல் விரித்தார். நாகம், கண்ணாடி விரியன் எல்லாம் வர்ணத்தில் இருந்தன. கீழ் வரிசையில் ஒரு சிறு பாம்பும் அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரியும் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி போடாமல் எனக்கு இப்போது எதையும் படிக்க முடியாது.

"அதுல என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"கோப்பி விரியன் ஐயா. தேயிலைத் தோட்டங்கள்ல அடிக்கடி கடிக்கும், ஆனா உயிருக்கு ஆபத்தில்லைன்னு போட்டிருக்கு."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். யார் எழுதியது இது என்று கேட்டேன். பெரியவங்க ஆராய்ஞ்சுதான் எழுதியிருப்பாங்க, அச்சிலேயே வந்திருக்கே என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வயதில் நானும் அச்சில் வந்ததையெல்லாம் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். அது பிறந்த மேசையைத் தினமும் துடைத்தவன் நான். அது தப்பு என்று எழுதிப் போட்ட காகிதத்தை உறையிலிட்டு ஒட்டியவனும் நான்தான். இத்தனை வருஷம் போன பிறகு அதே வரி வர்ணப் படத்தோடு என் வீட்டு மேசையிலேயே வந்து விழுந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனார் பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கோப்பி எல்லாம் நோய் வந்து பட்டுப்போய், அந்த இடத்தில் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் பிறந்தேன். கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடுதான் வளர்ந்தேன். பிறகு பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆங்கிலம், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடவும் மருந்து கலக்கவும் பழக்கம். அதற்குமேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீசை சரியாக முளைக்கும் முன்பே பிறந்த தோட்டத்துக்கே டிஸ்பென்சராகத் திரும்பினேன். தோட்டத்து ஆட்கள் என்னை டாக்டரய்யா என்றார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிப்போயிற்று.

உண்மையான டாக்டர், ஒரு வெள்ளைக்காரர், வாரத்துக்கு ஒருமுறை குதிரையில் வருவார். அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கும் அவர்தான். அவர் பெயர் இங்கே வேண்டாம். தோட்டத்தில் அவருக்குப் பாம்புத் துரை என்றுதான் பேர். ஒவ்வொரு துரைக்கும் ஒரு பட்டம் வைக்காவிட்டால் நம் ஆட்களுக்குச் சோறு செரிக்காது.

அவர் தமிழ் கற்றுக்கொண்டது தன் சமையல்காரரிடம். சமையல்காரர் துரையிடம் மரியாதையாகத்தானே பேசியிருப்பார்? அதனால் 'வாங்க, போங்க' என்பதைத் தவிர வேறு தமிழ் அவருக்குத் தெரியாது. கொழுந்தெடுக்கும் பெண்களிடமும் அதே பேச்சுதான். குதிரையைப் பார்த்து, "நில்லுங்க, எங்க போறீங்க" என்பார். செத்த பாம்பை ஜாடிக்குள் இறக்கும்போது, "வாங்க, உள்ள போங்க, பயப்படாதீங்க" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாடியைப் பிடித்திருப்பேன். கூலியாட்களை வாங்க என்று துரையே கூப்பிடுவது பெரிய கங்காணிக்கு மட்டும் பிடிக்காது. "இந்த மனுசன் ஆளுகளக் கெடுத்துப்புடுவாரு" என்று என்னிடம் புலம்புவார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பாம்பு கடித்தது என்று யாராவது வந்தால் பாம்பையும் கொண்டுவர வேண்டும். பாம்பு இல்லாவிட்டால் அது பாம்புக்கடி இல்லை. நியாயமான சட்டம்தான். முள் குத்தினாலும் பூரான் கடித்தாலும் பாம்பு பாம்பு என்று ஓடிவந்த காலம் அது. எந்தப் பாம்பு கடித்தால் என்ன ஆகிறது என்று இந்த நாட்டில் யாரும் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, இருக்கிற புத்தகங்களெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்று அவர் சொல்வார். தானே பார்த்து எழுத வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

வேலை இப்படி நடக்கும். கடித்த இடத்தைக் கழுவி, கத்தியால் லேசாகக் கீறி, தண்ணீரில் போட்டால் ஊதாவாகிற மருந்துத் தூளை வைத்துத் தேய்ப்பேன். பிறகு கட்டு. அதன்பின் பாம்பைக் கழுவி, மேசையில் நீட்டி, முதுகிலுள்ள கோலத்தையும் நிறத்தையும் துரையின் புத்தகத்திலிருக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்து, சாராயம் ஊற்றிய ஜாடியில் போட்டு, ஜாடிக் கழுத்தில் அட்டை கட்ட வேண்டும். சாராய ஜாடிகளைத் திறந்த அலமாரியில் வைத்திருந்தும் ஒருத்தனும் கை வைத்ததில்லை. உள்ளே கிடப்பவர்களே காவல்.

வந்த பாம்புகளில் பெரும்பாலும் கோப்பி விரியன்தான். முழங்கை நீளம் இருந்தால் அதிகம். மண் நிறம், முதுகில் இருபுறமும் கரும்பட்டைகள். அந்தக் காலத்தில் கோப்பி மரத்தின் அடியில் சருகுக்குள் கிடந்து கடித்ததால் அந்தப் பேர். கோப்பி போயும் பேர் போகவில்லை. கடித்தால் கை வீங்கும், ஒன்றிரண்டு நாள் குத்தும், பிறகு வற்றிவிடும். ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தோட்டத்தில் அதனிடம் கடிபடாத குடும்பமே இல்லை எனலாம். பக்கத்துச் சிங்கள ஊர் நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவைக் கேட்டாலும், கடித்த இடம் அழுகும், ஆள் போகாது என்பார். லயத்தில் கேட்டாலும் அதே பேச்சு. துரையின் ஜாடிகளும் அதையே சொல்லின. மூன்று பக்கமும் ஒரே பேச்சு பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அலமாரி நிறைந்ததும் துரை எழுதினார். தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி கடிக்கும் இந்தச் சிறு பாம்பினால் உயிருக்கு ஆபத்தில்லை என்று, பார்த்த கடிகளை எல்லாம் வரிசையாகக் காட்டி எழுதினார். கொழும்பிலும் சீமையிலும் அதை அச்சடித்தார்கள். அன்று அவர் எனக்கு ஒரு பேனா கொடுத்தார். எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகளுக்கெல்லாம் சுற்றறிக்கையும் போயிற்று. கோப்பி விரியன் கடித்தால் கட்டுப்போடு, மறுநாள் வேலைக்கு அனுப்பு. தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கும், ஆட்கள் வேலை கெடாதே என்று, அதில் மெத்தச் சந்தோஷம். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இனிக் காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்துக்கருப்பனின் மனைவி. முப்பது வயதிருக்கும். எங்கள் தோட்டத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, பெரிய கங்காணி உட்பட. அவள் நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றால் சிரித்தே கொழுந்து கெட்டுப்போகும் என்பார்கள்.

அன்று காட்டோரத்து மலையில் கொழுந்து. கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டிருக்கிறாள். திரும்பி வந்து கொழுந்தைக் கையால் அமுக்கியபோது விரலில் கடித்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் கூடையைத் தட்டிவிட்டு ஓடியிருப்பாள். ஆண்கள் வந்து கம்பால் அடித்திருப்பார்கள். இவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கூடை வாயை மூடிக் கட்டி, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு தானே டிஸ்பென்சரிக்கு வந்துவிட்டாள்.

"இந்தாங்க ஐயா, பாம்பு இல்லாம வரக்கூடாதுன்னீங்க. மாப்பிள்ளைய உசுரோட கூட்டியாந்திருக்கேன். விருந்து வைங்க" என்று கூடையை என் காலடியில் வைத்தாள்.

நான் இரண்டடி பின்னால் போனேன். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இடுக்கியால் எப்படியோ பிடித்து ஜாடிக்குள் போட்டுச் சாராயத்தை ஊற்றி மூடினேன். கூடைக்குள் முட்டி மோதியதில் மூங்கில் சிலும்பு பட்டு, அதன் மூக்கின் இடப்பக்கம் ஒரு செதில் பிய்ந்து நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக் கீறி மருந்து வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல ஐயா?" என்று போகும்போது கேட்டாள்.

"கோப்பி விரியன்தானே, ஒண்ணும் ஆகாது. நாளைக்குப் பெரட்டுக்குப் போ" என்றேன்.

மறுநாள் விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வீங்கிய கையோடு அவளைப் பார்த்தேன். பாக்குக் கடிக்க முடியவில்லை, ஈறிலிருந்து இரத்தம் வருகிறது என்று சொன்னாள். வாயைக் கொப்பளிக்க மருந்து கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் முத்துக்கருப்பன் அவளைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தான். இடுப்பு வலி, ஓயாத வாந்தி. முகம் உப்பியிருந்தது. முந்தின நாளிலிருந்து சொட்டு மூத்திரம் போகவில்லை என்று அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். நான் உடனே துரைக்கு ஆள் விட்டேன்.

துரை அன்று மதியமே வந்தார். அவளைப் பார்த்ததும் பாம்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. காய்ச்சல் வந்ததா, முன்பு மூத்திர வியாதி உண்டா, நாட்டு மருந்து ஏதாவது குடித்தாளா என்று அதையெல்லாம்தான் கேட்டார். டிஸ்பென்சரியிலேயே படுக்க வைத்து, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா கொடுத்தார். வயிற்றில் வெந்நீர் ஒத்தடம் போடச் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. கோப்பி விரியன் கொல்லாது என்று நாங்கள்தான் எழுதிவிட்டோமே, ஆகவே இது வேறு வியாதியாகத்தான் இருக்க வேண்டும். கண் எதிரில் ஒருத்தி கிடக்கிறாள், நாங்கள் அவளைப் பார்க்காமல் எங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் துரை மறுபடி வந்தார். அவள் நிலை இன்னும் மோசம். அப்போதுதான், "அவங்களைக் கடிச்சவங்க எங்கே?" என்று கேட்டார். ஜாடியைக் கொடுத்தேன். ஜன்னலோரம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை எடுத்தார். படத்தில் இருந்த பாம்பின் மூக்கு லேசாகத்தான் தூக்கியிருந்தது. இதன் மூக்கோ நன்றாக நிமிர்ந்து, நுனியில் மரு மாதிரி ஒரு புடைப்பு. படம் போட்டவன் சரியாகப் பார்க்கவில்லையா, இதுவே வேறு சாதியா என்று அவர் தனக்குத்தானே ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

"மத்தவங்களை எல்லாம் கொண்டு வாங்க. அவங்க மூக்கைப் பார்க்கணும்" என்றார்.

ஒவ்வொரு ஜாடியாக எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முதல் ஜாடியைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். வரிசையாக எல்லாவற்றையும் திருப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவங்க தலையெல்லாம் எங்கே போச்சுங்க?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பாம்பை அடித்தால் தலை எப்படி இருக்கும்? லயத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அடித்தவனின் உருவம் பாம்பின் கண்ணில் பதிந்துவிடும். அதன் சோடி வந்து அந்தக் கண்ணைப் பார்த்து, ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு தேடி வரும். அதனால் முதல் அடி முதுகில், அடுத்த வேலை தலையைக் கல்லால் நசுக்கி அடுப்பில் போடுவது. பிறகு உடம்பை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தாலும் சரி. பிறந்ததிலிருந்து நான் பார்த்த செத்த பாம்பு எதற்கும் தலை இருந்ததில்லை.

இதை அவருக்குச் சொன்னேன்.

"அவசரத்தில் அடிக்கிறாங்க, அதனால தலை கெட்டுப்போகுதுன்னு நினைச்சேன்" என்றார். "எல்லாருக்குமா? ஒருத்தருக்குக்கூடவா தலை இல்லை?"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷமாக அவரும் நானும் அந்த ஜாடிகளைப் பார்த்திருக்கிறோம்! அவர் கண்ணுக்குக் கெட்டுப்போன பாம்பு, என் கண்ணுக்குச் செத்த பாம்பு. இரண்டு பேருமே தலை இல்லை என்று பார்த்ததில்லை. இப்போது அந்தப் பாம்புகள் சாராயத்தில் நிறமும் வெளுத்து, கம்படியில் கூழாகி, ஒன்றுபோல வெள்ளையாகக் கிடந்தன. மரு வைத்த மூக்கு எத்தனைக்கு இருந்தது, படத்திலுள்ள மூக்கு எத்தனைக்கு இருந்தது, யாருக்குத் தெரியும்? அவற்றை வைத்துத்தான் இந்தப் பாம்பு கொல்லாது என்று உலகத்துக்கே சொல்லியிருந்தோம்.

துரை எழுந்து காத்தாயியிடம் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிக்குச் சொல்லிவிட்டார். அவள் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்களே ஐயா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

வண்டி வந்து நின்றபோது அவள் மூச்சு நின்றிருந்தது. முத்துக்கருப்பன் அழவில்லை. வண்டிக்காரரிடம் போய், வேண்டாம், நீங்க போங்க என்று சொல்லிவிட்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். அவ்வளவு வாய் பேசியவளின் வாய் அப்படி அடங்கிக் கிடந்ததைப் பார்த்துத் தோட்டமே திகைத்துப்போயிற்று. கோப்பி விரியன் கடித்துச் செத்தாள் என்று சொன்னால் அடுத்த தோட்டத்தில் யாரும் நம்பவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் துரை பெரட்டுக் களத்துக்கு வந்தார். டாக்டர் பெரட்டுக்கு வருவது அதுவரை நடந்ததில்லை. தோட்டத்துப் பெரிய துரை கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தார். டாக்டர் துரை ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. பாம்பு கடிச்சா அடிங்க, கொண்டு வாங்க. ஆனா தலையை நசுக்காதீங்க. தலை வேணும். தயவு செஞ்சு கேக்கிறேன்."

ஒரு கிழவர், "கண்ணுல எங்க உருவம் ஏறிக்குமுங்க தொர. சோடி தேடி வரும். நீங்க குதிரையில போயிருவீங்க, நாங்கல்ல லயத்துல படுக்கணும்" என்றார். துரை சிரிக்கவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

முத்துக்கருப்பன் பின்வரிசையில் நின்றான். அங்கிருந்தபடியே கேட்டான்.

"தலையோட கொண்டாந்தா, அடுத்தவளாச்சும் பொழைப்பாளா தொர?"

துரை என் பக்கம் திரும்பினார். தமிழ் வார்த்தை தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்து நான் முன்னால் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வார்த்தை அவரிடம் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க, முத்துக்கருப்பன்" என்றார்.

பெரிய துரையின் முகம் சிவந்துபோயிற்று. பெரிய கங்காணி வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளைக்கார டாக்டர், தோட்டத்து ஆள் முன்னால், அதுவும் மரியாதையாக, தெரியாது என்று சொன்னதை அந்தக் களத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. நானும்தான். அந்த அதிர்ச்சியில் பேர் கொடுக்கவே மறந்து நின்றார்கள்.

அன்றிலிருந்து எங்கள் டிஸ்பென்சரியில் மட்டும் வழக்கம் மாறியது. எந்தப் பாம்பு கடித்தாலும் ஒரு வாரம் வேலைக்கு அனுப்புவதில்லை, தினமும் மூத்திரம் போகிறதா என்று கேட்பது. பெரிய துரை முணுமுணுத்தார், டாக்டர் துரை விட்டுக்கொடுக்கவில்லை. காத்தாயியின் பாம்பை நல்ல சீசாவில் போட்டு மெழுகு வைத்து அடைத்து, தன் பழைய முடிவு தப்பாக இருக்கலாம் என்று நீளமாக எழுதிச் சீமைக்கு அனுப்பினார். ஜாடிகளுக்குத் தலை இல்லாததையும், அது ஏன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்.

அதற்குப் பிறகு தலையோடு அடுத்த பாம்பு வர வெகுநாள் ஆயிற்று. கொண்டுவந்தவன் முத்துக்கருப்பன். அதே காட்டோரத்து மலை. யாரையும் கடிக்கவில்லை, இவனாகத் தேடிப் பிடித்திருக்கிறான். முதுகில் ஒரே அடி. தலை முழுசாக, கண் திறந்தபடி இருந்தது.

"என்னய நல்லாப் பாத்துச்சுங்க ஐயா. பாக்கட்டும்னு நானும் குனிஞ்சு காட்டினேன்" என்றான்.

"பயமா இல்லையா?"

"பயந்தானுங்க. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரன் லயத்துல படுக்காதேங்கிறான். சோடி வந்தா அவன் புள்ளகளையும் கடிக்குமாம். கொட்டகையில படுத்துக்கிறேன்."

அவன் நிஜமாகவே மாதக்கணக்கில் சாமான் கொட்டகையில்தான் படுத்தான். அவனுக்கும் அந்த நம்பிக்கை போகவில்லை. இருந்தும் அவன் கொண்டுவந்தான். அந்தப் பாம்பை மேசையில் நீட்டி வைத்துப் பார்த்த துரையும் நானும் மறுபடி திகைத்தோம். அதன் மூக்கில் மரு இல்லை. புத்தகப் படத்தில் உள்ளபடியே இருந்தது. ஒரே மலை, ஒரே நிறம், ஒரே கோலம், தலை மட்டும் வேறு. ஆணும் பெண்ணுமா, குட்டியும் கிழடுமா, இரண்டு சாதியா? ஒன்று கொல்லும், மற்றது கொல்லாதா? இரண்டுமே சிலரைக் கொல்லும், சிலரை விட்டுவிடுமா? ஒரு கேள்வியோடு இருந்தவர்களுக்கு இப்போது ஒரு கூடைக் கேள்வி.

சீமையிலிருந்து பதில் வந்தது. அங்கே இரண்டு பெரியவர்கள் பார்த்தார்களாம். ஒருவர் தனிச் சாதி என்றார், மற்றவர் அதே சாதிதான் என்றார். துரை அனுப்பிய தலையுள்ள பாம்பு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை, ஒரு சாவை வைத்து அச்சில் வந்த முடிவை மாற்றவும் முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

துரை அதை மடித்து வைத்தார். "அவங்க சொல்றது நியாயம்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தலையில்லாதவங்களை வச்சு நான் எழுதினப்போ, போதாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் அவருக்கே உடம்பு கெட்டு ஊருக்குக் கப்பலேறினார். வழியிலேயே போய்விட்டதாகச் செய்தி வந்தது. முத்துக்கருப்பன் அன்று வேலைக்குப் போகவில்லை. பிறகு வந்த டாக்டர்மாருக்குப் பாம்பில் அக்கறை இல்லை. ஜாடிகளை யாரோ கழுவி ஊறுகாய் போட எடுத்துப் போனார்கள். தலையோடு கொண்டுவருவதும் நின்றுபோயிற்று.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்த இளைஞர், பஜாரில் கொஞ்சம் வேலை, முடித்துக்கொண்டு வந்து தாளை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போனார். நான் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் அந்த வரியை நானே ஒருமுறை படித்துவிட வேண்டும் போலிருந்தது.

வரி துரையின் வரிதான், சொல்லுக்குச் சொல் அப்படியே. பிறகுதான் படத்தைப் பார்த்தேன். மற்றப் பாம்புகள் எல்லாம் முழு உடம்பாக மட்டுமே இருந்தன. கோப்பி விரியனுக்கு மட்டும் பக்கத்தில் தலையைத் தனியாகப் பெரிதாக வரைந்திருந்தார்கள், இடப்பக்கம் தெரியும்படி. நல்ல வேலைக்காரன் கை, கண்ணில் பட்டது ஒன்றையும் விடவில்லை. மூக்கு நிமிர்ந்திருந்தது. நுனியில் மரு இருந்தது. மூக்கின் ஓரத்தில் ஒரு செதில் பிய்ந்து, நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

இளைஞர் திரும்பி வந்தபோது நான் அந்த இடத்தில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேனாம். என்ன ஐயா, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"இது காத்தாயி கூடையில இருந்த பாம்பு தம்பி" என்றேன்.

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலிருந்த வரியை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். உயிருக்கு ஆபத்தில்லை.